கடைக்குட்டி கக்கியது

அக்கா: தட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்துடா. எனக்கு ஜன்னல் வெளிச்சம் வேணும்.

தம்பி: நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்க்கா! வேலைக்கு நேரமாச்சு. ஐயே... என்ன இது, சாணி உருண்டையா?

அக்கா: வாந்தி.

தம்பி: என்னது!

அக்கா: மணிக்கூண்டுல நான் பாத்துக்கிட்டு வர்ற கூகை ஆந்தை கக்கினது. எலியை முழுசா விழுங்கும். சதை செரிச்சதும் முடியும் எலும்பும் உருண்டையா வெளியே வந்துடும். எத்தனை தடவை சொல்றது உனக்கு?

தம்பி: சாப்பிடும்போது சொன்னதில்லை. உன் டீ கோப்பையில பாரு, ஆந்தை கண்ணாடி மாட்டிக்கிட்டு புத்தகம் படிக்குது. சினிமாவுல பேய் வர்றதுக்கு முன்னாடி கத்துது. இங்க வந்தா வாந்தி எடுக்குது. ஒரே பறவை எத்தனை வேலைதான் பாக்கும்?

அக்கா: பேசாம சாப்பிடு.

தம்பி: அந்தப் பெட்டியில என்ன? துண்டெல்லாம் போத்தி...

அக்கா: கடைக்குட்டி.

தம்பி: குஞ்சா! வீட்டுக்குள்ளேயேவா? அம்மா பாத்தாளா?

அக்கா: பாத்தா. அறைக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே உக்காந்திருக்கா.

தம்பி: பின்னே? ஆந்தை கூரை மேல கத்தினாலே ஒரு உசுரு போயிடும்னு நம்புறவ. நீ என்னடான்னா உள்ளே கூப்பிட்டு, துண்டு போத்தி, தூங்க வச்சிருக்கே!

அக்கா: சிரிக்காதடா. அது நேத்து காலையிலேர்ந்து கண்ணைத் திறக்கல. கழுத்து துவண்டு துவண்டு விழுது. நாலு குஞ்சுல மூணு நல்லா இருக்கு. இது மட்டும்... விடியக்காலையில மணிக்கூண்டுல ஏறி எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

தம்பி: ...கண்ணைத் திறக்கலையா?

அக்கா: தொட்டாலும் அசையல. மூச்சு மட்டும் இருக்கு. கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். "என்ன தின்னுச்சுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லும்மா, தெரியாம நான் எதைக் கொடுக்கறது? சாயங்காலம் வரைக்கும் தாங்கறதே கஷ்டம்"னுட்டார். அதான் இதைப் பிரிச்சுக்கிட்டு இருக்கேன்.

தம்பி: அந்தச் சின்ன உருண்டை?

அக்கா: கடைக்குட்டி கக்கினது. ஏணியில இறங்கும்போது உடம்பு ஒரு உலுக்கு உலுக்கி, என் கையிலேயே போட்டுச்சு. ஈரமா இருக்கு, இப்ப பிரிச்சா எலும்பெல்லாம் நசுங்கிப்போகும். கொஞ்சம் காயட்டும். இது தாய் கக்கினது. இதுல ஏதாவது... ம், மண்டை ஓடு. தாடை. முடியைப் பாரேன், பஞ்சு மாதிரி வெள்ளையா. ஏன் சாப்பிடறதை நிறுத்திட்டே?

தம்பி: போதும். பசியில்ல.

அக்கா: இரு, என்னமோ மினுக்குது. இடுக்கியைக் கொடு... தகரம். அரிசி அளவு. எண் போட்டிருக்கு. பதினேழு. ஏண்டா ஆந்தை மாதிரி முழிக்கறே?

தம்பி: கொடு அதை. கொடுக்கா! ஐயோ... பதினேழு! இது எலிக்காதுல குத்துற வில்லை. எங்க ஆய்வகத்துது.

அக்கா: மருந்துக் கம்பெனி எலிக்கு மணிக்கூண்டுல என்னடா வேலை? எலிக்கூண்டுக்குச் சாவி உன்கிட்டதானே இருக்கு?

தம்பி: கத்தாதே. அம்மா காதுல விழும்.

அக்கா: சொல்லு.

தம்பி: ஆராய்ச்சி முடிஞ்சா எல்லாத்தையும் கொன்னுடணும்க்கா. மருந்தே போடாத எலியைக்கூட. ஒப்பிட்டுப் பாக்கறதுக்குன்னு சும்மா வச்சிருப்பாங்க, அதையும். என்னால முடியல. பதிவேட்டுல "செத்தது"ன்னு எழுதிட்டு, வெள்ளிக்கிழமைக்கு ஒண்ணா டிபன் டப்பாவுல போட்டு வெளியே எடுத்துக்கிட்டு வந்து, கம்பெனி பின்சுவர் ஓரம் இருக்கற புதர்ல விட்டுடுவேன்.

அக்கா: டிபன் டப்பாவிலயா! இப்ப நீ சாப்பிட எடுத்துக்கிட்டுப் போறியே, அதுலயா?

தம்பி: மூடியில ஓட்டை போட்ட டப்பா. வேற.

அக்கா: அப்பாடா.

தம்பி: புதருக்குள்ள ஒரு ஊரே இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்க்கா. பதினேழு இந்நேரம் தாத்தா ஆகியிருக்கும்னு... இப்படி வாந்தியில வந்து நிக்குதே!

அக்கா: அதெல்லாம் மருந்து போடாத எலிதானே? சத்தியமா?

தம்பி: ஆமாங்கறேன். ஒண்ணுலேர்ந்து நாப்பது வரைக்கும் எதுவும் போடாதது. நாப்பதுக்கு மேலதான்... இரு. இரு, இரு. நீ ஏன் அதிரவே இல்ல?

அக்கா: அதிர்ந்தேனே.

தம்பி: இல்ல. வாந்தியிலேர்ந்து நம்பர் போட்ட தகரம் வருது, நீ கடலையில கல்லு பொறுக்கற மாதிரி எடுத்து வைக்கறே. அந்த ஊசி டப்பாவை ஏன் முழங்கையால மறைக்கறே?

அக்கா: ஊசி இருக்கு.

தம்பி: திற.

அக்கா: வேலைக்கு நேரமாச்சுன்னியே.

தம்பி: திறக்கா! ...அடிப்பாவி. எட்டு, ஒன்பது, பத்து... இதோட பதினொண்ணு! எல்லாம் என் எலியா? எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?

அக்கா: மூணாவது வில்லையிலேர்ந்து.

தம்பி: ரெண்டு மாசமாவா! ஒரே வீட்டுல, ஒரே மேசையில உக்காந்து சோறு தின்னுக்கிட்டு!

அக்கா: சொன்னா நீ விடறதை நிறுத்தியிருப்பே. கூகைங்க வேட்டையாடற வயலெல்லாம் கட்டடமாயிடுச்சுடா. போன வருஷம் குஞ்சு ஒண்ணொண்ணா பட்டினியில செத்ததை நான் ஏணியில நின்னு பாத்தேன். இந்த வருஷம் நாலு. நாலும் நின்னுச்சு. அது யாராலேன்னு நினைக்கறே?

தம்பி: என்னாலேன்னு சொல்லாதே. தயவு பண்ணிச் சொல்லாதே.

அக்கா: வெள்ளிக்கிழமைன்னா இருட்டறதுக்கு முன்னாடியே தாய் உங்க கம்பெனி சுவர் மேல போய் உக்காந்துடும், மணிக்கூண்டுலேர்ந்து பாப்பேன். நாள்கூட அதுக்குத் தெரிஞ்சு போச்சு.

தம்பி: அது... என்னை வழியனுப்ப வருதுன்னு நினைச்சேன்க்கா. வாரம் தவறாம புதர்கிட்ட நிக்கறவனாச்சே, பழகிடுச்சுன்னு... போகும்போது கையை ஆட்டுவேன் அதுக்கு.

அக்கா: ...மன்னிச்சுக்கடா.

தம்பி: நான் காப்பாத்தறேன்னு கொண்டுவந்து கொண்டுவந்து கொடுத்திருக்கேன். பார்சல் மாதிரி. மூடியைத் திறந்து! ...ஆனா ஒண்ணுக்கா. பதினொண்ணுதானே இருக்கு? நான் விட்டது பன்னண்டு. ஒண்ணு தப்பிச்சிருக்கு!

அக்கா: பன்னண்டாவதை எப்ப விட்டே?

தம்பி: முந்தா நேத்து.

அக்கா: முந்தா நேத்து புதன்கிழமை.

தம்பி: ஆமா... அதனால என்ன?

அக்கா: வெள்ளிக்கிழமைதான் விடுவேன்னே.

தம்பி: அது ஒரு அவசரம். விடேன். அதான் தப்பிச்சிடுச்சே.

அக்கா: இடுக்கியைக் கொடு.

தம்பி: அது ஈரமா இருக்குன்னியே. எலும்பு நசுங்கிடும்னியே.

அக்கா: நசுங்கட்டும். கையை எடுடா.

தம்பி: அக்கா, வேண்டாம். நான் சொல்றதைக் கேளு...

அக்கா: வெள்ளை முடி. கால் எலும்பு. ...இதோ. துடைச்சுக்கறேன், இரு. நாலு... மூணு. நாப்பத்து மூணு. நாப்பதுக்கு மேலடா. நாப்பதுக்கு மேலன்னா என்ன? இங்க பாரு, என்னைப் பாரு. என்ன போட்டீங்க அதுக்கு?

தம்பி: தூக்க மருந்து. இன்னும் கடைக்கு வராதது. அந்த எலி நாலு நாளா அசையாம கிடந்துச்சுக்கா, புதன்கிழமை அறுக்கச் சொல்லிட்டாங்க. நான் தூக்கும்போது லேசா கண்ணைத் திறந்து என் விரலைப் புடிச்சுது. தள்ளாடித் தள்ளாடித்தான் புதருக்குள்ள போச்சு. கடைக்குட்டி கண்ணைத் திறக்கலன்னு நீ சொன்னியே, அப்பவே எனக்குச் சோறு இறங்கல... அந்த மருந்தோட பேரை வெளியே சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்க்கா, சொன்னா வேலை போயிடும், அதான் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். போனை எடு. டாக்டர்கிட்ட நானே சொல்றேன்.