நூற்றிருபது மில்லிமீட்டர்

மலைச் சைக்கிளுக்கு ஃபோர்க் வாங்கப் போகிறவன் முதலில் தன் உடம்பின் எடையை உண்மையாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அங்கேயே பொய் தொடங்கிவிடுகிறது. ஹரிதாஸ் எண்பத்திரண்டு கிலோ என்றான். தொண்ணூற்றாறுக்குக் குறையாது. நான் குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரப் பரிசோதனை பார்க்கிறவன். பார்வையிலேயே எடை சொல்லிவிடுவேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா, நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் இல்லை. ஹரிதாஸ் பெம்பான் இறக்கத்தில் விழுந்து செத்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. நீங்கள் விபத்து என்று கோப்பை மூடப் போகிறீர்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன்.

ஹரிதாஸ் எங்கள் சைக்கிள் கழகத்தின் தலைவர். கழகத்தில் பதினான்கு பேர், அதில் பதினொரு பேருக்குப் பதவி உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் உம்பாய் வரைக்கும் மிதித்துப் போய், ரொட்டி சானாய் தின்றுவிட்டு, போகும்போது கரைத்த கொழுப்பை இரட்டிப்பாகச் சுமந்துகொண்டு திரும்புவோம். ஹரிதாஸ் காப்புறுதி பாலிசி விற்கிறவன். வாட்ஸ்ஆப்பில் காலை வணக்கம் அனுப்பினாலும் கீழே ‘தலைவர்’ என்று போடாமல் விடமாட்டான். அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். அதைப் பற்றி நான் மேடையில் பேசியதில்லை. அவன் ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் பேசுவான். வருடத்துக்கு வருடம் அவன் அப்பா சீவிய மரங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது. மனிதர் இறந்து பதினைந்து வருடம் ஆகிறது.

இப்படிப்பட்டவனுக்குத் திடீரென்று ஹார்ட்டேல் ஆசை வந்தது. முன்னால் மட்டும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அதிர்ச்சி தாங்கும் ஃபோர்க், பின்னால் ஃப்ரேம் எனும் விறைப்பான சட்டம். அதுதான் ஹார்ட்டேல். சட்டத்தை வாங்கிவிட்டான். ஃபோர்க்கும் சக்கரமும்தான் பாக்கி. கழகத்தில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். அவனும் வந்தான், எங்கள் தொழிற்சாலைக்கு எதிர்க் கடையில் நான் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தபோது. கூட நாலைந்து கழகத்துக்காரர்கள் இருந்தார்கள்.

“அண்ணே, நூத்தம்பது போடலாம்னு பாக்குறேன். முன்னாலெ நல்லா தூக்கிக்கிட்டு கம்பீரமா நிக்கும்லா” என்றான். ஃபோர்க் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கி எழும்புகிறது என்கிற கணக்கு அது.

“ஒன் சட்டத்துக்கு நூத்திருபதுதான் அளவு. நூத்தம்பது போட்டா ஏத்தத்துலெ முன் வீலு தரையிலெயே நிக்காது. கம்பீரமா வேணும்னா குதிரெ வாங்கிக்க.”

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

“சரி, வீலாவது கார்பன் போட்டுக்கிறேனே. ஒரு கையிலெ தூக்கிறலாம்.”

“நீ வீலெ தூக்குறது பெருசில்ல தம்பி. வீலு ஒன்னெ தூக்கணுமே. அலுமினியம் போடு, முப்பத்திரெண்டு கம்பி இருக்கிறதா பாரு.”

“என்னாண்ணே, காலங்காத்தாலெ இப்படி தாக்குறீங்க.”

ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போனான். அந்தத் தலையாட்டலை நான் அறிவேன். நூற்றைம்பதையும் கார்பனையும்தான் வாங்குவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உண்மையைச் சொன்னால், நான் அதை ஆவலோடு எதிர்பார்த்தேன். பெம்பான் ஏற்றத்தில் முன் சக்கரம் எழும்பி, தலைவர் அத்தனை பேருக்கும் முன்னால் மல்லாந்து விழுவார். அப்போது நான் என்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல வாக்கியம். இனி அது யாருக்கும் பயன்படாது.

சைக்கிளுக்கு அவன் அறிமுக விழா வைத்தான். பெம்பானில் செம்பனைக் காட்டு ஓரத்து முனீஸ்வரர் கோயில், ஞாயிறு காலை ஒன்பது மணி, பந்தல், பதாகை, நாற்பது பேருக்குக் காலைப் பசியாறை. சைக்கிளைப் பட்டுத் துணியால் மூடி வைத்திருந்தான். அவன் மனைவி கோமளா துணியை இழுத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். சைக்கிளுக்கு மாலையும் பொன்னாடையும் போட்டார்கள். ஹேண்டலுக்குப் பொன்னாடை போர்த்தியதை என் ஐம்பத்திரண்டு வயதில் அன்றுதான் பார்த்தேன்.

நான் ஃபோர்க்கைப் பார்த்தேன். நூற்றிருபது. சக்கரம் அலுமினியம். கம்பிகளை எண்ணினேன். முப்பத்திரண்டு.

அப்புறம் அவன் பேசினான். இந்தச் சைக்கிளின் பாகங்களை மூன்று வாரம் ஆராய்ந்து தேர்ந்தெடுத்ததாகச் சொன்னான். என் பெயரைச் சொல்லவே இல்லை.

இல்லை, அதைத் திருத்திக்கொள்ளுங்கள். தரப் பரிசோதனையில் முதலில் எழுதிய அளவைத் திருத்துவதில் வெட்கம் கிடையாது. என் பெயரைச் சொன்னான். ஏழாவதாகச் சொன்னான், பந்தல் போட்டவருக்கும் மைக் செட்காரருக்கும் அடுத்து. “ஃபோர்க்கு வீலு விசயத்துலெ தங்கராஜு அண்ணன் உட்பட பலரும் ஆலோசனை சொன்னாங்க.” பலரும் என்றால் யார் என்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே நூற்றிருபது எது, நூற்றைம்பது எது என்று கேட்டால் பஸ் நம்பர் என்று சொல்லக்கூடியவர்கள்தான் இருந்தார்கள்.

பிறகு வாகன பூசை. பூசாரி அப்புசாமி நல்ல மனிதர். சந்தனக் கிண்ணத்தோடு சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“கார்னா போனட்லெ வைப்பேன். லோரின்னா கண்ணாடியிலெ வைப்பேன். இதுலெ எங்கெ சாமி பொட்டு வைக்கிறது?”

சக்கரத்தின் நடுவில் பளபளவென்று வட்டமாக ஒரு தட்டு இருக்கும். பிரேக் பிடித்தால் இரண்டு கட்டைகள் அந்தத் தட்டைத்தான் கவ்வும். அந்தத் தட்டில் பிசுக்குப் பட்டால் கவ்வாது. இதைத் தெரியாதவன் சைக்கிளைத் தொடக்கூடாது. பூசாரி முன் தட்டில் மூன்று பொட்டும் பின் தட்டில் மூன்று பொட்டும் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமி காரியத்தில் குறுக்கே பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

இதையும் திருத்த வேண்டும். அந்தத் தட்டைக் காட்டிக்கொடுத்தது நான்தான். “இதுலெ வைங்க சாமி, போட்டோவுலெ பளிச்சுன்னு தெரியும்” என்றேன். இன்னும் சரியாகச் சொன்னால், சந்தனத்தைக் குழைத்தவனும் நான். அவர் தண்ணீர் செம்பை நீட்டினார். தண்ணீரில் குழைத்தால் காய்ந்து உதிர்ந்துவிடும் என்று சொல்லி, விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை ஊற்றினேன். தாராளமாகவே ஊற்றினேன்.

ஹரிதாஸ் அந்த நேரத்தில் என் பக்கம் வந்து குனிந்தான்.

“அண்ணே, கடைக்காரன் இந்தத் தட்டுலெ கை வைக்கவே கூடாதுன்னு சொன்னானே.”

“கைதானே வைக்கக் கூடாதுன்னான். சாமி பொட்டெ வேணாம்னானா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவனிடம் அந்த ஒரு குணம் மட்டும் எரிச்சலாக இருக்கும், அம்மா. எவ்வளவு மட்டம் தட்டினாலும் கூடச் சேர்ந்து சிரிப்பான். தட்டினவனுக்கு ஒரு திருப்தியும் கிடைக்காது.

அங்கிருந்து மலையடிவாரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் தார் ரோடு. கிளம்புவதற்கு முன் கோமளா என்னிடம் வந்தாள். “அண்ணே, அவருக்கு எறக்கமெல்லாம் பழக்கமில்ல. நீங்க கூடவே போங்க” என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டுதான் போனேன். பத்தடி பின்னால் போனால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தட்டில் இருக்கிற சந்தனம் இழுபட்டு, எண்ணெய் வட்டம் முழுக்கப் பரவுவது தெரியும். அழகாகவே பரவியது.

மேட்டின் உச்சிக்குக் கழகத்துக்காரர்கள் எல்லாரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினோம். அவனுக்கு மூச்சு வாங்கியது. கீழே செம்மண் பாதை நேராக இறங்கி, அடியில் சட்டென்று வலப்பக்கம் திரும்பும். திருப்பத்தில் தோட்டத்துக் கால்வாயும் அதன் சிமெண்டுக் கட்டும் இருக்கின்றன.

“அண்ணே, பிரேக்கு வழுக்குற மாதிரி இருக்குலா. கத்துது வேறெ.”

இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுத வேண்டும். புதுப் பிரேக் தொடக்கத்தில் சரியாகப் பிடிக்காது என்பது உண்மை. சில இறக்கம் இறங்கிச் சூடேறினால்தான் பிடிப்பு வரும் என்பதும் உண்மை. எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேளுங்கள். நான் அவனிடம் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.

“புது பிரேக்கு அப்படித்தான் தம்பி. எறக்கத்துலெ சூடேறுனா தானா புடிச்சுக்கும். நீ முதல்லெ போ, தலைவர்தானே.”

“சரிண்ணே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

போனான். பாதி தூரம் வரைக்கும் நன்றாகவே ஓட்டினான். அந்த வேகத்தில் அந்தக் கல்லுக்கும் பள்ளத்துக்கும் நூற்றைம்பது போட்டிருந்தால் முன்பக்கம் ஆடியிருக்கும். நூற்றிருபது கோடு கிழித்ததுபோல் நேராகப் போனது. அதுதான் சரியான தேர்வு. பாதிக்கு மேல் பிரேக்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிறான் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. அவன் கூச்சல் போடவில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். சிமெண்டுக் கட்டில் மோதிச் சைக்கிள் நின்றது, அவன் நிற்கவில்லை.

மற்றவர்கள் மேலேயே உறைந்து நின்றார்கள். நான்தான் முதலில் இறங்கிப் போனேன். அவன் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கிடந்தான், கழுத்து கோணலாக. இன்னும் மூச்சு இருந்தது. நான் சைக்கிளைத் தூக்கி முன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். வளையம் நெளிந்திருந்தது. ஆனால் முப்பத்திரண்டு கம்பியில் ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. கார்பன் என்றால் சுக்கு நூறாகியிருக்கும். அதற்குப் பிறகு ஆம்புலன்சுக்குக் கூப்பிட்டேன். எவ்வளவு நேரத்துக்குப் பிறகு என்று கேட்கிறீர்கள். முப்பத்திரண்டு கம்பியை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்.

ஏன் செய்தாய் என்றும் கேட்கிறீர்கள். ஆடம்பரத்தை என்னால் சகிக்க முடியாது, அம்மா. ஊதிப் போனதைக் கண்டால் ஊசி குத்துவது என் சுபாவம். ஒருவன் தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் நடத்தும்போது பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். அவன் தப்பான ஃபோர்க்கை வாங்கியிருந்தால் நான் ஒன்றுமே செய்திருக்க மாட்டேன், அந்தச் சைக்கிளே செய்திருக்கும். சரியானதை வாங்கிவிட்டான். இனிமேல் ஒவ்வொரு ஞாயிறும் என் நூற்றிருபதில் ஏறிக்கொண்டு, அவன் ஆராய்ந்து கண்டுபிடித்ததாக எனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டு என் முன்னால் போவான். நான் பின்னால் மிதிக்க வேண்டும். வேறு வழி ஏதாவது இருந்ததா என்று யோசித்தேன். தெரியவில்லை.

இவ்வளவையும் சொல்லாமலே இருந்திருப்பேன். பூசாரிக்குச் சந்தேகம் இல்லை. உங்களுக்கும் இல்லை. நேற்று மாலை ஹரிதாஸ் வீட்டுக்குப் போனேன், கருமாதிக்கு என்ன வேண்டும் என்று கேட்க. கழகச் செயலாளர் திலீபன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பத்துப் பேருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

“ஃபோர்க்கு பத்தலெலா. தலைவர் நூத்தம்பதுதான் போடுறேன்னாரு. அதெ போட்டிருந்தா அந்தக் குழியெல்லாம் தாங்கியிருக்கும். பாவம், யாரு பேச்சையோ கேட்டுட்டாரு.”

என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான். உள்ளே போனேன். கோமளா தரையில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

“அவரு ஆசைப்பட்டதெயே போட விட்டிருக்கலாமேண்ணே. அந்த ஃபோர்க்குனாலெதானே.”

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தாளில் படம் போட்டு, சட்டத்தின் கோணத்தையும் ஃபோர்க்கின் உயரத்தையும் அரை மணி நேரம் விளக்கினேன். அவள் அழுதுகொண்டே இருந்தாள். காதில் வாங்கவே இல்லை. திரும்பி வரும்போது திலீபன் இன்னொன்றும் சொன்னான். விபத்துக்குக் காரணம் பொருத்தமற்ற ஃபோர்க் என்று கழகத்தின் சார்பாக உங்களுக்குக் கடிதம் கொடுத்துவிட்டானாம். அதன் பேரில்தான் கோப்பை மூடப் போகிறீர்களாம்.

இருபத்திரண்டு வருடத்தில் என் கையெழுத்துப் போன ஒரு பொருள்கூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை. அந்தக் கடிதத்தை எடுத்து, ஃபோர்க் என்று இருக்கும் இடத்தை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள், அம்மா. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.