சிவப்பு எழுத்து டப்பா

ஊறுகாய் போட நினைத்தால் நான் முதலில் பார்ப்பது ஜாடியைத்தான். நத்தத்து மாங்காய் எவ்வளவு நயமாக இருந்தாலும் ஜாடியில் கீறல் இருந்தால் போட்டதெல்லாம் பாழ். தோட்டா கட்டுவதும் ஏறக்குறைய அப்படித்தான் ஐயா. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகக் கேட்கிறீர்கள். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் பொன்னுத்துரைக்கு அந்த ரைஃபிள் கிடைத்தது கொடைரோட்டில். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர், சுதந்திரம் வந்து பத்து வருஷம் கழித்துத்தான் அவருக்குச் சீமைக்குப் போக மனசு வந்தது, ரயிலேறும் முன் கைமாற்றிவிட்டுப் போனார். லைசென்ஸ் எல்லாம் முறைப்படி வாங்கியதுதான். குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் கடலைக்காடு எங்களுடையது. வானத்தைப் பார்த்து விதைத்ததைப் பன்றிக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? துரை கொடுத்த தோட்டா தீர்ந்ததும், வெளிநாட்டுச் சரக்கு வருவதில்லை என்று கடைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். நாமே கட்டிக்கொள்வோம் என்று இவர் இறங்கினார்.

அவருக்கு எதிலும் அவசரம். பொறுக்கி எடுத்தது நான்தான். சுட்டுப் போட்ட பித்தளைக் கூடுகளை வெயிலில் திருப்பிப் பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒதுக்கினேன். கூட்டின் அடியில் பதிக்கிற கேப்பு உப்பைப் போல ஈரம் குடிக்கும். பழையது வேண்டாம் என்று திண்டுக்கல்லில் புதிது வாங்க வைத்தேன். நகத்தில் பிசிறு தட்டிய ஈயக் குண்டுகளைக் கழித்தேன். மிச்சம் வெடிமருந்து. துரை இரண்டு டப்பா கொடுத்திருந்தார். ஒன்று ரைஃபிளுக்கு, இன்னொன்று இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு. இரண்டிலும் இங்கிலீஷ் எழுத்து. என் வீட்டுக்காரருக்குத் தமிழ் படிக்கவே தடுமாற்றம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள்.

அப்போதுதான் என் ஒரே மகள் பொன்னழகுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை, என் நாத்தனார் ஒச்சாயியின் மகன் மொக்கைச்சாமி. குறை சொல்ல முடியாத பையன். என் கவலையெல்லாம் அவள் படிப்பைப் பற்றியதுதான். அதை அவனிடமே சொன்னேன்.

"படிக்கட்டும் அத்தை. டீச்சராக்கூட ஆகட்டும். நானா வேணாங்கப் போறேன்?" என்றான்.

கல்யாணத்துக்கு முன்னால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்து சிஸ்டரும் அவளை மதுரை விடுதியில் சேர்த்து டீச்சர் ட்ரெயினிங் படிக்க வைக்கலாம் என்றார்கள். அதற்கும் நான் ஒப்பவில்லை. விடுதிச் சாப்பாடு அவள் உடம்புக்கு ஒத்துவராது.

பொன்னழகு ஒருநாள், "எனக்கு மச்சானப் புடிச்சிருக்கும்மா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்த வயசில் அவளுக்கு என்ன தெரியும்?

எங்கள் வகையறாவில் பரிசம் போடுகிற விருந்துக்கு மாப்பிள்ளை கையால் பன்றி விழ வேண்டும். அதற்கு முந்தின நாள் மத்தியானம் இவர் தோட்டா கட்ட உட்கார்ந்தார்.

"வள்ளி, இதுல எது ரைஃபிளுக்கு? செத்த படிச்சுச் சொல்லு."

ஒரு டப்பாவில், இதை ரைஃபிளில் போட்டால் குழல் வெடித்து ஆளைக் கொல்லும் என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தது. நிறுத்தி நிதானமாகப் படித்தேன். அந்த டப்பாவைத்தான் அவர் பக்கம் தள்ளினேன்.

"இதாங்க."

அவர் என் பேச்சை நம்புகிறவர். கட்டி முடித்ததும், ஒன்றைச் சுட்டுப் பார்க்கிறேன் என்று எழுந்தார். அப்போதுதான் நான் எழுந்து வாசலை மறித்தேன். கட்டின புருஷன் இல்லையா?

"மொத வெடி மாப்ள கையாலயே போடட்டுங்க. அதான நல்லது" என்றேன்.

"அதுஞ் சரிதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் நான் விருந்துக்கு வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. ஒரே ஒரு வெடி. மொக்கைச்சாமியின் முகத்தைத் துணியால் மூடித்தான் கொண்டுவந்தார்கள். ஒச்சாயியைத் துணியை விலக்க விடவில்லை. துப்பாக்கி மட்டும் உடையும், சகுனம் சரியில்லை என்று பேச்சு முறியும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாம். ஆனால் சிவப்பு எழுத்து அப்படிச் சொல்லவில்லை. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளும் இல்லை.

டப்பாவை மாத்தி எடுத்துட்டேன், என் தப்பு என்று தலையில் அடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் உங்கள் லாக்கப்பில் கிடக்கிறார். நான் மறுத்துப் பேசவில்லை. தாங்கிக்கொள்கிற மனுஷர்.

டப்பாவை இங்கே கொண்டுவந்தது பொன்னழகு என்கிறீர்கள். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அம்மாதான் படித்துச் சொல்வாள் என்றும் சொன்னாளா? அம்புட்டுப் பொடி எழுத்தைப் பிழையில்லாமல் படித்திருக்கிறாள் பாருங்கள். அவள் படிப்புக்காக நான் பட்ட பாடு வீண்போகவில்லை.

மாற்றிச் சொன்னது நான். அவர் கையில் வெடிக்க இருந்ததை அந்தப் பையன் கைக்குப் போக வைத்ததும் நான். கேட்டது இதுதானே, எழுதிக்கொள்ளுங்கள். அவள் வெளியே நிற்கிறாள் என்று ஏட்டு சொன்னார். வெயிலில் நிற்க வேண்டாம், உள்ளே வந்து உட்காரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டதும் நானும் அவளும் சேர்ந்தே வீட்டுக்குப் போய்விடுகிறோம்.