இடது பையில் எழுபத்தொன்பது

அம்மா: ...மூணு தடவை எண்ணிட்டேன் தம்பி. இடது பையில எழுபத்தொன்பது, வலது பையில எண்பது.

தம்பி: சரிதாங்கம்மா. அதுல ஒண்ணும் தப்பில்ல.

அம்மா: ஒண்ணு குறையுதுன்னு போன் பண்றேன், தப்பில்லங்கறீங்க?

தம்பி: குறையலம்மா, அந்த மாடல் செட்டே அப்படித்தான். நீங்க வாங்கினது மீட்பு வண்டி தானே? சேத்துல மாட்டிக்கிட்ட டேங்கை இழுத்து வெளிய போடற வண்டி...

அம்மா: அதேதான். பெட்டி மேல படம் போட்டிருக்கே, பச்சை வண்டி. ஒட்டி முடிச்சா ஒரு சாண் நீளம் வரும்.

தம்பி: ஆங், அதான். அதோட சக்கரத்தைச் சுத்தி ஓடற சங்கிலியில கண்ணி இடது பக்கம் ஒண்ணு கம்மி. பையனுக்கு வாங்கிக் குடுத்தீங்களா? அவன்கிட்ட போனைக் குடுங்க, நான் விளக்கிச் சொல்றேன்.

அம்மா: எந்தப் பையன்?

தம்பி: இல்ல... ஒட்டறது யாரு...

அம்மா: ஏன், நான் ஒட்டினா ஒட்டாதா?

தம்பி: ஐயோ, அப்படி இல்லம்மா! பெரும்பாலும் வீட்டுல யாராச்சும் சொல்லி...

அம்மா: மேசையில வெள்ளைத்துணி விரிச்சு, ட்வீசரைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒவ்வொரு கண்ணியும் என் சுண்டுவிரல் நகத்துல பாதி இல்ல. அதை எண்ணத் தெரிஞ்சவளுக்கு ஒட்டத் தெரியாதா?

தம்பி: மன்னிச்சுக்கோங்கம்மா. வாய் தவறிடுச்சு.

அம்மா: சரி விடுங்க. ஏன் ஒண்ணு கம்மி? அதைச் சொல்லுங்க முதல்ல.

தம்பி: நிஜ வண்டியில அப்படித்தான் இருக்கு.

அம்மா: பார்த்தீங்களா?

தம்பி: நான்... எங்க டிசைனர் பார்த்தாரு. கண்காட்சிக்கூடத்துல நிறுத்தியிருக்காங்க. பதினொரு நாள் போய் அளந்தாரு. இடது எழுபத்தொன்பது, வலது எண்பது.

அம்மா: அவரு தப்பா எண்ணியிருந்தா?

தம்பி: எண்ணல. அதாவது... தப்பா எண்ணல. சாக்பீஸ்ல ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு எண்ணியிருக்காரு. காவல்காரர் வந்து சத்தம் போட்டு, ஈரத்துணி குடுத்துத் துடைக்க வெச்சாரு. துடைச்சிட்டு மறுபடி எண்ணினாரு.

அம்மா: ம்... அந்த டிசைனர்கிட்ட பேசலாமா?

தம்பி: அவரு... இன்னிக்கு லீவு.

அம்மா: அப்படியா. நீங்க யாரு?

தம்பி: நான் பாகங்கள் பிரிவு. உடைஞ்சது, குறைஞ்சதுன்னா நாங்க அனுப்புவோம்.

அம்மா: சரி. ஏன் ஒண்ணு கம்மின்னு அவருக்குத் தெரியுமா?

தம்பி: ...அது தெரியாதும்மா. இருந்ததை இருந்தபடி செஞ்சாரு. அவ்வளவுதான்.

அம்மா: தெரியாமலேயா?

தம்பி: தெரியாததை நாமா மாத்தக்கூடாதில்லயா? கண்ணு பார்த்ததைத்தானே கை செய்யணும். அதுல என்னம்மா தப்பு?

அம்மா: தப்புன்னு நான் சொல்லலியே. ஏன் குரல் ஏறுது?

தம்பி: இல்ல... ஒரு வாரமா இதே கேள்வி. அந்தக் கட்டுரை வந்ததுல இருந்து ஒரே தலைவலி.

அம்மா: எந்தக் கட்டுரை?

தம்பி: மாடல் பத்திரிகையில வந்துச்சும்மா. 'இரும்புக்கண்'ணுங்கற பேர்ல ஒருத்தர் எழுதறாரு. அவரு நல்லா இருக்குன்னா கடையில பெட்டி நிக்காது. நல்லா இல்லன்னா கடையை விட்டு நகராது.

அம்மா: உங்களை என்ன எழுதினாரு?

தம்பி: ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எண்ணத் தெரியாதவங்கன்னு எழுதினாரு. அதைக்கூட விட்டுடலாம். அந்த வெல்டிங்கைப் பத்தி எழுதினாரு பாருங்க...

அம்மா: எந்த வெல்டிங்?

தம்பி: முன்னாடி இழுவைக் கொக்கி இருக்கில்ல, அதோட அடித்தட்டுல ஒரு வெல்டு. அடுக்கடுக்கா, செதில் செதிலா... பாகமெல்லாம் ஒட்டிக்கிட்டு வருமே பிளாஸ்டிக் சட்டம், உங்க கையில இருக்கற அதுல பன்னெண்டாம் நம்பர் பாகம்.

அம்மா: கையிலதான் இருக்கு. பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். என்ன எழுதினாரு?

தம்பி: வேண்டாம்மா, கோபம் வரும்.

அம்மா: படிங்க தம்பி. சத்தமா படிங்க. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.

தம்பி: 'இந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இந்த இடத்தில் வெல்டு கிடையாது. மேலும் அதன் செதில்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. எந்த வெல்டரும் இப்படி வைக்க மாட்டான். இது வடிவமைத்தவரின் கற்பனை, அதுவும் கத்துக்குட்டியின் கற்பனை.' போதுமாம்மா?

அம்மா: கத்துக்குட்டி...

தம்பி: ஆமா. அச்சுல ஏத்திட்டாரு.

அம்மா: அந்த ஆளைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க?

தம்பி: கஸ்டமர்கிட்ட நான் அதெல்லாம்...

அம்மா: சும்மா சொல்லுப்பா. நமக்குள்ளதானே.

தம்பி: அந்த ஆளு வாழ்க்கையில ஒரு ஸ்பேனரைக் கையில பிடிச்சிருப்பாருன்னு எனக்குத் தோணல.

அம்மா: அப்படிப் போடு! இன்னும் சொல்லு.

தம்பி: புத்தகத்துல என்ன படம் இருக்கோ அதான் வண்டின்னு நினைக்கறவரு. ஒரு நாளாச்சும் அது அடியில முதுகு படப் படுத்திருந்தா இப்படி எழுத மாட்டாரு.

அம்மா: நீ படுத்திருக்கே.

தம்பி: பதினொரு நாளும்... எங்க டிசைனர் படுத்திருக்காரு.

அம்மா: ம். அவரு லீவுல இருக்காரு.

தம்பி: ...ஆமா.

அம்மா: சரி, இப்ப என்ன பண்ணப்போறாரு அவரு?

தம்பி: முதலாளி பாகம் வார்க்கற அச்சைத் திருத்தச் சொல்லிட்டாரு. வெல்டு விழற பள்ளத்தை அடைச்சு மட்டமாக்கணும். இடது பையில ஒரு கண்ணி சேர்க்கணும். சாயங்காலம் அவரு கையெழுத்துப் போட்டா, நாளைக்குக் காலையில அச்சு பட்டறைக்குப் போயிடும்.

அம்மா: போடுவாரா?

தம்பி: போடாம? ஒரு வாரமா எல்லாரும் தப்பு தப்புங்கறாங்க. அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. சாக்பீஸ் நம்பரை விட்டுப் போட்டோமோ, டார்ச் வெளிச்சத்துல செதில் மாறித் தெரிஞ்சுதோன்னு...

அம்மா: போட வேண்டாம்னு சொல்லு.

தம்பி: அம்மா?

அம்மா: சங்கிலி ஓட ஓட நீளும் தம்பி. கண்ணியைக் கோக்கற ஊசி தேயும், தேயத் தேயத் தொங்கும். கடைசிச் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி இறுக்குவோம். தள்ள இடமே இல்லாம போச்சுன்னா, ஒரு கண்ணியைக் கழட்டிப் போட்டுட்டுச் சேர்க்கணும். புது வண்டிக்குத்தான் எண்பது. உழைச்ச வண்டிக்கு எழுபத்தொன்பது.

தம்பி: ஒரு நிமிஷம்... ஒரு நிமிஷம் இருங்க... ஆனா ஏன் ஒரு பக்கம் மட்டும்?

அம்மா: அதை ஓட்டினவன் அப்படி. நெட்டைன்னு கூப்பிடுவோம். எங்க மாட்டினாலும் ஒரே பக்கமாவே திருப்பி இழுப்பான். எத்தனை சொன்னாலும் கேக்க மாட்டான். இடது சங்கிலி தேய்ஞ்சுபோச்சு. அந்தக் கண்ணியைக் கழட்டினது நான்தான்.

தம்பி: ...நீங்களா?

அம்மா: ராணுவப் பட்டறையில வெல்டர். மொத்தப் பட்டறைக்கும் நான் ஒருத்திதான் பொம்பள. அப்ப எனக்கு இருபத்திமூணு வயசு.

தம்பி: அப்போ... அந்தக் கொக்கி...

அம்மா: ஆத்து மணல்ல பயிற்சி. மூணு டேங்க் வரிசையா இறங்கிப்போச்சு. மேல மழை பெஞ்சு தண்ணி ஏறிக்கிட்டே வருது. முதல் டேங்கை இழுக்கும்போதே கொக்கியோட அடித்தட்டு விரிசல் விட்டுடுச்சு. எங்க மேலதிகாரி, 'புதுத் தட்டு வரட்டும், நாலு நாள் ஆகும், யாரும் தொடாதீங்க'ன்னுட்டாரு.

தம்பி: நாலு நாளா! தண்ணி?

அம்மா: அதான். நாலு மணி நேரம் தாங்காது. தொடாதேன்னா என்ன, வெல்டிங் செட்டை இழுத்துக்கிட்டுப் போனேன். சேத்துல ஒருக்களிச்சுப் படுத்தேன். நெட்டை தார்ப்பாயைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு நின்னான். தார்ப்பாயை ஆட்டிக்கிட்டே 'அக்கா, சீக்கிரம்... அக்கா, சீக்கிரம்'ங்கறான். நான் 'பேசாம நில்லுடா, கோடு கோணிடும்'ங்கறேன்.

தம்பி: அப்புறம்? சொல்லுங்க.

அம்மா: மூணையும் இழுத்தோம். கடைசி டேங்க் வெளிய வரும்போது தண்ணி அதோட கழுத்துக்கு வந்துடுச்சு. மறுநாள் எனக்கு விசாரணை. அனுமதி இல்லாம வெல்டு வெச்சதுக்காக, ரெண்டு வருஷம் பதவி உயர்வு கிடையாதுன்னுட்டாங்க. அதுக்கப்புறம் இந்தப் பெட்டி வர்ற வரைக்கும் இதை யார்கிட்டயும் நான் பேசினதே இல்ல.

தம்பி: புதுத் தட்டு வந்துச்சா?

அம்மா: வந்துச்சு. மாத்தத் தேவைப்படல. பட்டறையை விட்டு நான் வர்ற வரைக்கும் என் வெல்டுலதான் அந்த வண்டி இழுத்துச்சு. அப்புறம் எங்க போச்சு, உடைச்சாங்களா, உருக்கினாங்களான்னு தெரியாது. போன வாரம் உங்க பெட்டியைத் திறந்து பன்னெண்டாம் நம்பர் பாகத்தைப் பார்க்கறேன்... என் கை.

தம்பி: உங்க கைன்னு எப்படிம்மா தெரிஞ்சுது? வெல்டு எல்லாம் ஒரே மாதிரிதானே...

அம்மா: நீயே சொல்லு. செதில் எந்தப் பக்கம் சாயுது?

தம்பி: எதிர்ப்பக்கம். அதைத்தான் அந்த ஆளு...

அம்மா: நான் இடது கை தம்பி.

தம்பி: ஐயோ! இது... இது தோணவே இல்லயே!

அம்மா: கூட இருக்கறவங்களுக்கே தோணாது. உனக்கு எப்படித் தோணும்? சரி, இன்னொண்ணு கேக்கறேன். அந்தத் தட்டுக்குப் பின்னாடி, கண்ணுக்குத் தெரியாத இடம். அங்க கையை விட்டுத் தடவிப் பார்த்தியா?

தம்பி: ...தடவினேன்.

அம்மா: நீதானே?

தம்பி: நான்தாம்மா. டிசைனரும் நான்தான். திட்டுவீங்களோன்னு... ஒரு வாரமா எல்லாரும் திட்டிட்டாங்க.

அம்மா: 'நான் பாகங்கள் பிரிவு'ன்னப்பவே தெரியும். பாகங்கள் பிரிவுக்காரனுக்கு ஈரத்துணி வரைக்குமா தெரியும்? விடு. தடவினப்ப என்ன இருந்துச்சு?

தம்பி: மூணு பள்ளம். உளியால குத்தின மாதிரி, வரிசையா. மாடல்ல வெளிய தெரியாதேன்னு விட்டுட்டேன். இதை யார்கிட்டயும் சொல்லல. எந்தப் புத்தகத்துலயும் கிடையாது...

அம்மா: இன்னும் இருக்கா அது?

தம்பி: இருக்கும்மா. விரல் வெச்சா நல்லாவே தெரியுது.

அம்மா: ஒரு டேங்குக்கு ஒரு குத்து. விசாரணைக்குக் கூப்பிடறதுக்கு முன்னாடி நானே குத்தினேன். யாரும் ஒரு சபாஷ் சொல்லல, நாமளே சொல்லிப்போம்னு.

தம்பி: நான் சொல்றேம்மா. சபாஷ்.

அம்மா: நீயும் வாங்கிக்கோ. என் வெல்டுல எட்டாவது செதில் கொஞ்சம் தடிச்சிருக்கும், நெட்டை தார்ப்பாயை ஆட்டினதால. அதைக்கூட விடாம செஞ்சு வெச்சிருக்கியே!

தம்பி: லென்ஸ் வெச்சுப் பார்த்தேம்மா. அது ஏன் தடிச்சிருக்குன்னு ரெண்டு நாள் மண்டையைக் குடைஞ்சேன்.

அம்மா: இனிமே குடையாதே.

தம்பி: கையெழுத்துப் போட மாட்டேன். இப்பவே போய் முதலாளி முன்னாடி நின்னு சொல்லிடறேன். அந்த அச்சை ஒருத்தரும் தொடக்கூடாது. எத்தனை ஊருக்குப் பெட்டி போகுதோ, அத்தனை ஊருக்கும் உங்க வெல்டும் போகும்.

அம்மா: எத்தனை பெட்டி போட்டிருக்கீங்க?

தம்பி: முதல் தடவையே ஆறாயிரம்மா.

அம்மா: ஆறாயிரம்... கேட்டுச்சா? ஆறாயிரமாம்.

தம்பி: கேட்டுச்சும்மா, நான்தானே சொன்னேன். ஆனா ஒண்ணு... முதலாளி என் பேச்சை மட்டும் நம்ப மாட்டாரு. பத்திரிகையில ஒரு திருத்தம் வரணும். அதான் கஷ்டம்.

அம்மா: என்ன கஷ்டம்?

தம்பி: அந்த இரும்புக்கண் லேசுல இறங்கி வர மாட்டாரும்மா. பதினஞ்சு வருஷமா எழுதறாரு, ஒரு தடவை கூடத் தப்புன்னு ஒத்துக்கிட்டதில்லயாம்.

அம்மா: இருபத்தாறு வருஷமா ஒத்துக்கிட்டதில்ல.

தம்பி: அது எப்படி உங்களுக்கு... அவரைத் தெரியுமாம்மா?

அம்மா: என் வீட்டுக்காரருப்பா. மூணு நாளா தலைபாடா அடிச்சுக்கறேன், 'நீ வேற ஏதோ வண்டியை நினைச்சுக்கிட்டுப் பேசறே'ங்கறாரு. அதான் அந்த வண்டியைத் தொட்டுப் பார்த்தவன் வாயாலேயே கேக்கட்டும்னு, போனை ஸ்பீக்கர்ல போட்டு எதிர்லயே உக்கார வெச்சிருக்கேன். நீ ஸ்பேனர்னு சொன்னப்ப முகம் போன போக்கைப் பார்க்கணுமே! இப்ப பேப்பர் பேனாவை எடுத்துட்டாரு, திருத்தம் எழுதறாரு... என்னங்க இது, 'ஒரு வெல்டர்'னு எழுதறீங்க? அதை அடிங்க. அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க... முழுசா எழுதுங்க.