அன்று வேட்டுக் குரல் வரவில்லை

ஓடுகிறேன். முழங்கால் வரை சேறு. ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் புதைகிறது. தலைக்கு மேலே விர்ரென்று ஒரு கல். முன்னால் விழுந்து வரப்பை உடைக்கிறது. முதல் வேட்டு டமாரென்று வெடித்தபோதே காது அடைத்துவிட்டது. இரண்டாவது வேட்டு நெஞ்சில் இடிக்கிறது.

"யோவ்! மாட்ட வுட்டுட்டு ஓடியா!"

"அவுத்துட்டு வரேன்! நீ மதகாண்ட ஓடு சரசு!"

என் புருஷன் மாணிக்கம் கடைசியாகப் பேசியது அதுதான். இரண்டு மாடும் ஏரில் பூட்டியிருந்தன. நுகத்தடியோடு எங்கே ஓடும்? அவர் திரும்பி ஓடினார். மூன்றாவது வேட்டு. திரும்பிப் பார்க்கிறேன். ஒரு மாடு நிற்கிறது. ஒரு மாடு விழுந்து காலை உதைக்கிறது. அவரைக் காணவில்லை. கிட்டே போன பிறகுதான் கண்டேன். சேற்றில் குப்புறக் கிடந்தார்.

எண்பத்தெட்டாம் வருடம். பொங்கல் முடிந்து நவரை நடவுக்கு உழுதுகொண்டிருந்த நேரம். இதைப் போரென்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கல் குண்டாக விழுந்தது. ஆள் செத்தார். ஊர் பறிபோனது. வேறு என்ன பெயர் வைப்பது?

எங்கள் ஊர் தாம்பரத்துக்கு மேற்கே, மலையடியில். எங்களுக்குக் கிழக்கே மெட்ராஸ் முடியும். மேற்கே வயல் தொடங்கும். நடுவில் நாங்கள். மலையில் பெய்த மழை ஓடையாக இறங்கி ஏரிக்கு வரும். ஏரி நிறைந்தால் இரண்டு போகம். நிறையாவிட்டால் ஒன்று. யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் கடன் என்பதையெல்லாம் அந்த ஓடைதான் முடிவு செய்தது.

அதே மலைதான் எங்களுக்கு எமனானது. அது நல்ல கருங்கல். பக்கத்திலேயே ஜி.எஸ்.டி. ரோடு. மெட்ராஸ்காரன் மாடி மேல் மாடி கட்டினான். அவனுக்கு ஜல்லி வேண்டும். தூரத்து மலையை விட்டுவிட்டு எங்கள் மலைக்கு வந்தார்கள். லாரி வாடகை மிச்சம் பாருங்கள்! வேட்டு வைத்து மலையை உடைக்க வந்த குவாரிக்காரர் குத்தகை என்றார். நாங்கள் ஆடுமாடு மேய்க்கிற மலை என்றோம். இரண்டு வருடம் சண்டை. லாரியை மறித்தோம். அடிதடி நடந்தது. கடைசியில் ஊர் கூடிப் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்தோம்.

வேட்டுக்கு முன்னால் குரல் கொடுக்க வேண்டும். குவாரி ஆட்களின் விசில் வேண்டாம், அதை எவன் நம்புவான்? எங்கள் ஊர் ஆளே பாறை மேல் நின்று, சிவப்புத் துணி வீசி, தகர டின்னைத் தட்டிக் கூவ வேண்டும். "வேட்டேய்! வேட்டு!" என்று குரல் வந்தால் வயலில் இருப்பவர்கள் மதகுக்கு அடியில் போய் உட்காருவோம். குரல் வரவில்லையென்றால் வேட்டு இல்லை. நாங்கள் மலையை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டோம். அப்படிப் பழகிவிட்டோம். அங்கேதான் ஏமாந்தோம்.

அந்த வேலைக்கு ஊர் பொறுக்கிய ஆள் என் அண்ணன் ஏகாம்பரம். நல்ல தொண்டை அவனுக்கு. என் கூடப் பிறந்தவன். அவனை நம்பாமல் யாரை நம்புவது?

குவாரிப் பள்ளம் ஆழமானது. ஓடைத் தண்ணீர் பள்ளத்தில் இறங்கியது. ஏரிக்கு வரவில்லை. முதலில் ஒரு போகம் போனது. பிறகு கடைமடை வயல்கள் தரிசாயின. தரிசு நிலத்துக்கு பிளாட் புரோக்கர் வருவான். வந்தான். வெளியூரிலிருந்து வரவில்லை. அதுவும் ஏகாம்பரம்தான். காலையில் மலையில் கூவினான். மத்தியானம் வெள்ளைச் சட்டை போட்டு மனை விற்றான். கல்லும் அவனுக்குச் சோறு போட்டது. கல்லால் காய்ந்த மண்ணும் சோறு போட்டது.

அன்று நான் ரோட்டுப் பக்கமாக அலறிக்கொண்டு ஓடினேன். அங்கே ஒரு வேன் நிற்கிறது. மனை பார்க்க வந்த மெட்ராஸ் குடும்பங்கள். நடுவில் என் அண்ணன். பாறை மேல் இருக்க வேண்டியவன் அங்கே கைநீட்டி எல்லை காட்டுகிறான். என்னைப் பார்த்ததும் அவன் கை அப்படியே இறங்கியது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இதுதான் என் சாட்சி.

காரியம் முடிந்த அன்று அழுதுகொண்டு வந்தான்.

"பார்ட்டி வந்துட்டாங்க சரசு. வேட்டுன்னு கூவினா பயந்துகினு திரும்பிப் பூடுவாங்க. குழியில வெடிமருந்து ஏத்தியாச்சு, நிறுத்த முடியாதுன்னாங்க குவாரி ஆளுங்க. நான் கூவிக்கிறேன்னு சொல்லிட்டு கீழ எறங்கிட்டேன். சின்ன வேட்டுன்னு நெனச்சேன்."

நானும் அழுதேன். பாவி, உண்மையையாவது சொன்னானே என்று நினைத்தேன்.

விசாரிக்க வந்தார்கள். ஏரிக்கரையில் நாற்காலி போட்டு அதிகாரி உட்கார்ந்தார். என் அண்ணன் கைகட்டி நின்றான்.

"கூவினேன் சார். மூணு தபா கூவினேன். மாட்டு மேல ஆசைப்பட்டு அவருதான் நின்னுட்டாரு."

 பரவாயில்லை, ஊர் இருக்கிறது என்று நின்றேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கேட்டது சார். கேட்டது சார். கேட்டது சார். அடுத்த வயலில் நாற்று பறித்துக்கொண்டிருந்த அலமேலு அக்கா என்னோடுதான் ஓடினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவளும் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "கேட்டுச்சு சார்."

எல்லோரும் வயலை மனைக்குக் கொடுக்க முன்பணம் வாங்கியிருந்தார்கள். கேஸ் வந்தால் மனை விற்காது. காய்ந்த வயலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? புரிகிறது. நன்றாகப் புரிகிறது. வயிறு மட்டும் ஆறவில்லை. செத்தவர் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று ஊரே கூடி முடித்துவிட்டது!

இது தொண்ணூற்றாறாம் வருடம். இப்போது வயலெல்லாம் தெரு. ஏரிக்குள்ளேயும் வீடு. குடிக்கிற தண்ணீர் லாரியில் வருகிறது. அப்போது ஜல்லி போன ரோட்டில்தான் அதுவும் வருகிறது. நான் தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்கிறேன். கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற கீரை. எங்கள் மண்ணில் எதுவும் முளைப்பதில்லை.

கேட்டு எழுத வந்திருக்கிறீர்கள், இழந்ததைச் சொல்கிறேன். மலை பாதி. அது இருந்த இடம் பள்ளம். ஓடை. ஏரி. இரண்டு போகம். இடப்பக்கத்து மாடு அன்றே செத்தது. வலப்பக்கத்து மாடு அதற்குப் பிறகு ஏரில் நிற்கவில்லை, விற்றுவிட்டேன். மாணிக்கம், என் புருஷன், முப்பத்தாறு வயது. அலமேலு, எங்கள் அடுத்த வயல்காரி, உயிரோடு இருக்கிறாள். ஏகாம்பரம், என் அண்ணன், உயிரோடு இருக்கிறான். மாடி வீடு கட்டியிருக்கிறான். அந்த இரண்டு பேரையும் செத்தவர்களோடு சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.