நாக்கில் வைத்துப் பார்த்த கம்பி

மாஸ்டர் போய்விட்டது குதிரைகளுக்குத் தெரியுமா?

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மாஸ்டரின் மனைவியாகிய அக்கா அவர்களே, இந்தக் குதிரையேற்றப் பள்ளியின் நண்பர்களே! இந்த இரங்கல் கூட்டத்துக்கு வரும்போது உங்களில் பலர் என்னிடம் இதைத்தான் கேட்டீர்கள். கால்நடை மருத்துவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். இந்த வாரம் எல்லோருமே களைத்துப் போயிருக்கிறோம்.

கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் போகிற இரும்புக் கம்பியை மாஸ்டரைப் போலப் பார்த்துக்கொண்டவர் யார்? சவாரி முடிந்த கையோடு, எச்சில் காயுமுன் கழுவுவார். கம்பியின் மூட்டில் பஞ்சை ஓட்டிப் பார்ப்பார். ஓர் இழை சிக்கினாலும் அந்தக் கம்பி குப்பைக்கு. குளிர்காலத்தில் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுவார். கடைசியில் தன் நாக்கிலேயே வைத்துப் பார்ப்பார்! சோப்பு ருசி இருந்தால் மறுபடி கழுவ வேண்டும்.

அக்கா ஒருநாள் என் எதிரிலேயே கேட்டார்: “குதிரை கடிச்ச இரும்பை நக்குற மனுஷன், நான் போடுற காபியில குறை சொல்றாரே டாக்டர், இது நியாயமா?”

“இரும்புல சர்க்கரை ஜாஸ்தியாகுறதில்லையே” என்றார் மாஸ்டர்.

சிரியுங்கள். அவர் இருந்தால் அவரும் சிரிப்பார்.

அவர் தவறே செய்யாதவர் என்று நான் சொல்லமாட்டேன். கம்பி தடிக்கத் தடிக்க வாய்க்கு மென்மை என்று நம்பியவர் அவர். நம் செந்நிறப் பெண்குதிரை தலையை உதறியபோது தடித்த கம்பியைப் போட்டார். அது நாக்கை வெளியே தள்ளியது. இன்னும் தடித்ததைப் போட்டார். ஒருநாள் கம்பியை மாட்டியபின் அதன் உதட்டோரம் விரலை நுழைத்துப் பார்த்தார். விரல் போகவில்லை. சின்ன வாய், பெரிய நாக்கு. அந்தக் கம்பிக்கு உள்ளே இடமே இல்லை.

“டாக்டர், இவ முரடு இல்ல. நான்தான் இவளைப் படுத்தி எடுத்திருக்கேன்.”

அன்று மாலை வகுப்பில், பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோர் முன்பும் அதையே சொன்னார். எத்தனை ஆசிரியர்கள் சொல்வார்கள்? நாக்குக்கு இடம்விட்டு வளைந்த, மெல்லிய கம்பி ஒன்றைத் தேடி மாட்டினார். குதிரை அமைதியானது. ஆனால் அதற்குப் பிறகு அவர் கைக்கு மட்டுமே வாயைத் திறந்தது.

இப்போதைய சிக்கல் அதுதான். செயலாளர் அவர்களே, கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் குதிரைக்கு முறுக்குக் கம்பி போடுவது, அதற்கும் மசியாவிட்டால் விற்றுவிடுவது என்று பேசியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. முறுக்குக் கம்பி வாயை அறுக்கும். மாஸ்டரின் பெயரால் நான் தரக்கூடிய உறுதி ஒன்றுதான்: நான் இங்கே மருத்துவராக இருக்கும்வரை அந்த வாய்க்குள் அது போகாது. போகாது!

மாஸ்டரை அடக்கம் செய்த மறுநாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். புதிதாக வந்த பயிற்சியாளர் முறுக்குக் கம்பியோடு லாயத்தில் நின்றிருந்தார். செயலாளரும் நானும் இருந்தோம். யாரும் எதிர்பார்க்கவில்லை, அக்கா வந்தார்.

“கொஞ்சம் இருங்க தம்பி” என்று சொல்லிவிட்டு, ஆணியில் தொங்கிய, மாஸ்டர் தேடி மாட்டிய அந்த வளைந்த பழைய கம்பியை எடுத்துக் கழுவினார். நாக்கில் வைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். மறுபடி கழுவினார்.

குதிரை தலையைத் தூக்கிக்கொண்டது. அக்கா இழுக்கவில்லை, நீட்டிய கையை இறக்கவும் இல்லை.

“எனக்கும் முடியலடி” என்றார்.

வெகுநேரம் கழித்துத் தலை இறங்கியது. வாய் திறந்தது. பயிற்சியாளர் ஏறி உட்கார, மைதானத்தை ஒரு சுற்று வந்தது. பாதியில் ஒருமுறை தலையை உதறியது.

செயலாளர் அவர்களே, நீங்கள் “பார்க்கலாம்” என்றீர்கள். தம்பி முறுக்குக் கம்பியைப் பைக்குள் வைத்தார். அக்கா பழைய கம்பியைக் கழுவித் துடைத்து, அதே ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.