வாடகை வண்டியேறி வலம்வரும் எங்கள் பெரிய சிஸ்டருக்கு

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும், உண்மையைச் சொன்னால் சற்றே பெரும் பயத்திற்கும் உரிய எங்கள் தலைமைச் செவிலியர் அவர்களே! முறிந்த எலும்போடு முனகி வந்தோரை முகமலர்ச்சியோடு முன்வாசல் வழியே நடக்கவிட்ட முதல்வியே! ஊன்றுகோலில் வந்தோரை உறுதியாய்க் கால் ஊன்றி வீடேக வைத்த உழைப்பின் உருவே! மருந்துக்கும் மாவுக்கட்டுக்கும் மசியாத மனிதரையும் ஒரே அதட்டலில் மசிய வைத்த மாண்பின் சிகரமே! வெள்ளுடை பூண்டு வார்டையும், வாடகை வண்டியேறி வளைவுகளையும் வென்ற வீராங்கனையே! வணக்கம், வணக்கம்!

தங்கள் பணி ஓய்வு விழாவுக்காக இம்மடலை எழுதும் பணி மாவுக்கட்டு அறைக்காரனான என் தலையில் விழுந்தது. கட்டின் மேல் தேதி எழுதி எழுதி என் கையெழுத்து முத்து முத்தாக ஆகிவிட்டது என்று மருந்தாளுநர் முன்மொழிய, உடற்பயிற்சி அறை அம்மா வழிமொழிய, வசமாக மாட்டிக்கொண்டேன். "செந்தமிழ்ல இருக்கணும், கேட்டதும் பெரிய சிஸ்டர் அழணும்" என்பது வார்டின் ஆணை. செந்தமிழ் எனக்கு எத்தனை பத்தி தாங்கும் என்று தெரியவில்லை. நீங்கள் அழுவீர்கள் என்ற நம்பிக்கையும் இல்லை. நீங்கள் அழுது பார்த்தவர் இந்தக் கட்டடத்தில் எவருமில்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள்! எலும்பு முறிவு வார்டின் இரும்புக் கட்டில்கள் துருவேறின, மாற்றப்பட்டன, மீண்டும் துருவேறின. தாங்கள் மட்டும் தளரவில்லை. படுக்கைப் புண் என்னும் சொல் தங்கள் வார்டின் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கை கழுவாமல் நோயாளியைத் தொடப் போன பெரிய டாக்டரையே, "டாக்டர், குழாய் அந்தப் பக்கம்" என்று திருப்பி அனுப்பிய தீரம் வேறு யாருக்கு வரும்? அவர் இதோ மேடையில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். அன்று அவர் சிரிக்கவில்லை.

கட்டுப் பிரித்த முதல் நாள் எழுந்து நிற்கப் பயப்படுபவரிடம் தாங்கள் இனிக்க இனிக்கப் பேசி நாங்கள் கேட்டதேயில்லை. "காலு உங்களுதுதானே? அப்ப நீங்கதான் நிக்கணும்" என்பீர்கள். அவரும் நின்றுவிடுவார். கீழே விழாமல் பிடிக்கத் தங்கள் கை அவர் முதுகுக்குப் பின்னால் காத்திருக்கும், தொடாமல். இந்தக் கை காத்திருப்பதை நோயாளி அறியமாட்டார், நாங்கள் அறிவோம்.

மோட்டார் சைக்கிளில் விழுந்து வந்தவர்கள்தாம் எங்கள் வார்டில் பாதிப் பேர். அவர்களிடம் எல்லோரும் "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்பார்கள். தாங்கள் மட்டும் "எந்த வண்டி?" என்று கேட்பீர்கள். ஏதோ விவரத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். என்ன அப்பாவிகள் நாங்கள்!

விவரம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். வாசல் காவலர் அண்ணன். "நம்ம பெரிய சிஸ்டரா? வேலைக்குச் சேந்த புதுசுல மோட்டார் சைக்கிள்லதான்பா வருவாங்க. சத்தத்த வெச்சே கதவத் திறந்துருவேன்" என்று அவர் சொன்னபோது, அவருக்கு வயதாகிவிட்டது என்று கேலி செய்தோம். அவர் சொன்னது அத்தனையும் மெய். தங்கள் தந்தையார் ஓட்டக் கற்றுத் தந்து, தங்களுக்கே கொடுத்துவிட்ட பழைய வண்டி அது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருந்த காலத்து வண்டி. பின் இருக்கையில் தங்கள் கணவர், நாங்கள் எல்லோரும் கணக்கு சார் என்றழைக்கும் கணக்காசிரியர், புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவாராம். அவரைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் தாங்கள் பணிக்கு வருவீர்களாம்.

பிறகு ஒரு மழை நாள், மணல் பரவிய ஒரு வளைவு. தங்களுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவருக்குத் தொடை எலும்பு. இதே வார்டில், சன்னலோரக் கட்டிலில், எடை தொங்கும் கயிற்றில் காலை மாட்டிக்கொண்டு அவர் கிடந்தார். அந்தக் கட்டிலின் அருகில் நின்று தாங்கள் சொன்ன ஒரே வாக்கியத்தைக் காவலர் அண்ணன் இன்றும் மறக்கவில்லை. "இனிமே நம்ம வீட்டு வாசல்ல மோட்டார் சைக்கிள் நிக்காது." வண்டி விற்கப்பட்டது. கணக்கு சார் எழுந்து நடந்தார். இன்றும் படியேறும்போது அந்தக் காலை மட்டும் ஒரு கணம் யோசித்துத்தான் வைப்பார். அதன்பின் அந்த வீட்டில் வண்டிப் பேச்சே எழவில்லை.

வாக்கு என்றால் வாக்கு! பணி ஓய்வு எட்டிப் பார்க்கும் வயது வரை காத்தீர்கள். ஆனால் வண்டியே இல்லாத அத்தனை ஆண்டுகளிலும் ஓட்டுநர் உரிமத்தை மட்டும் ஒருமுறைகூடத் தவறாமல் புதுப்பித்து வந்திருக்கிறீர்களே அம்மா! ஆசை எங்கே ஒளிந்திருந்தது என்று இப்போதல்லவா விளங்குகிறது!

போன ஆண்டு மருத்துவமனைப் பின்வாசல் எதிரே மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடும் கடை ஒன்று முளைத்தது. பேருந்துக்குப் போகும் வழியில் தாங்கள் அங்கே நிற்பதை மருந்தாளுநர் தம் சன்னல் வழியே கண்டார். கடை ஷட்டரைப் பழுது பார்ப்பதை வேடிக்கை பார்க்கிறீர்கள் என்று நினைத்தாராம். அந்தச் சமயத்தில்தான் தங்களைவிட மூத்த பெண்மணி ஒருவர் மணிக்கட்டு முறிந்து வந்து சேர்ந்தார். வழக்கம்போல் "எந்த வண்டி?" என்றீர்கள். அவரோ, "அத விடுங்க, என் வண்டிக்கு ஒண்ணும் ஆகலயே?" என்றார். தாங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். அந்த வார விடுப்பு நாளில் கடைக்குள் நுழைந்தே விட்டீர்கள்.

உள்ளே நடந்ததைக் கடைக்காரர் பின்னாளில் எங்களிடம் விலாவாரியாகச் சொன்னார். தங்களைப் பார்த்ததும் அவர் ஸ்கூட்டர் பக்கம் நடந்திருக்கிறார். "அங்க எங்க போறீங்க? கியர் வண்டி காட்டுங்க" என்றிருக்கிறீர்கள். ஏறினீர்கள், கிளட்ச்சைப் பிடித்தீர்கள், வலது காலை ஓங்கி மிதித்தீர்கள், கிளட்ச்சை விட்டு முறுக்கினீர்கள். வண்டி தெருவே திரும்பிப் பார்க்க உறுமியது. ஓர் அங்குலமும் நகரவில்லை. "அம்மா, நீங்க மிதிக்கிறது பிரேக்கு. கியர் இப்பல்லாம் இடது பக்கம் வந்து ரொம்ப வருஷமாச்சு" என்றாராம் கடைக்காரர். தங்கள் தலை மறந்ததைத் தங்கள் கால் மறக்கவில்லை, அவ்வளவுதான். அன்று தெருமுனை வரை குலுங்கிக் குலுங்கிப் போய், குலுங்கிக் குலுங்கித் திரும்பி வந்து, வண்டியை ஒப்படைத்துவிட்டுப் பேருந்தேறிப் போனீர்கள்.

இனி வருவது எங்கள் மானம் போன கதை. அதையும் இந்தப் பொன்னான வேளையில் பதிவு செய்தாக வேண்டும்.

அடுத்த வாரம் முதல் தங்கள் இடது கால் மேசைக்கடியில் தானாக ஆடத் தொடங்கியது. பாதம் ஒரு முறை கீழே அழுத்தும், பிறகு விட்டு விட்டு மேலே தூக்கும், மறுபடி கீழே அழுத்தும். எலும்பு முறிவு வார்டில் ஒருவர் கால் இப்படி ஆடினால் சும்மா இருப்போமா? "இடுப்புல டிஸ்க் வெலகி நரம்ப அழுத்துது" என்றார் உடற்பயிற்சி அறை அம்மா. "சர்க்கரையா இருக்கும்" என்றார் மருந்தாளுநர். நான் என் பங்குக்கு, காலுக்கு ஒரு கட்டுப் போட்டுவிட்டால் ஆடாது என்று யோசனை சொன்னேன். பேச்சு பெரிய டாக்டர் வரை போனது. மறுநாள் அவர் வார்டு சுற்றி வரும்போது, அத்தனை நோயாளிகளுக்கும் நடுவில், "சிஸ்டர், கொஞ்சம் இந்த மேசை மேல உக்காருங்க" என்று சுத்தியலை எடுத்து முழங்காலில் தட்டினாரே!

"என்னய்யா எல்லாரும் ஒரு வாரமா என் காலையே பாக்குறீங்க?" என்று தாங்கள் சீறினீர்கள். டாக்டர் தயங்கித் தயங்கி, ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார். "ஸ்கேனும் வேணாம் ஒண்ணும் வேணாம். கியர் பழகுறேன்!" என்றீர்கள்.

குட்டு உடைந்தது. முந்தின நாள்தான் தங்களிடம் செமத்தியாகத் திட்டு வாங்கியிருந்த ஒருவர், கால் கயிற்றில் தொங்க, ஓரக் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். "நீங்களே ஓட்டுறீங்க, அப்ப எனக்கு மட்டும் எதுக்கு சிஸ்டர் அவ்வளவு திட்டு?" தாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓட்டுனதுக்கா திட்டுனேன்? ஹெல்மெட் போடாம ஓட்டுனதுக்குத் திட்டுனேன். பேசாம படு."

அன்று தொடங்கியது எங்கள் பெருமிதம்! வாரம் ஒரு வண்டி. கனத்த வண்டி, மெலிந்த வண்டி, உறுமும் வண்டி, ஓசையில்லா வண்டி. வார விடுப்பு முடிந்து தாங்கள் வந்ததும் தேநீர் வேளையில் வண்டியின் குணம் குற்றம் கேட்கச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். மலைப்பாதையில் எதிரே வந்த எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், "சிஸ்டர் வளைவுல வண்டியச் சாய்ச்சாங்க பாருங்க, நான் ஹாரன் அடிக்கவே மறந்துட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். விழுந்தவர்களை மட்டுமே வாழ்நாளெல்லாம் பார்த்தும், தாங்களே ஒருமுறை விழுந்தெழுந்தும், நரைத்த பின் மறுபடி ஏறி உட்கார்ந்தீர்கள். எங்கள் சிஸ்டர் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு வாய் கொள்ளவில்லை.

சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டோம். "வாசல்ல நிக்காதுன்னு சொல்லிட்டேன்ல?" என்றீர்கள். அதனால்தான் ஒவ்வொரு முறையும் மாலையில் வண்டியைக் கடையில் விட்டுவிட்டு, ஹெல்மெட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் வீடு திரும்பினீர்கள். வாசலில் கணக்கு சார் நிற்பார். போனது எங்கே, வந்தது எப்படி என்று எதுவும் கேட்கமாட்டார். "வண்டியக் குடுத்துட்டியா?" என்ற ஒற்றைக் கேள்விதான். "குடுத்துட்டேன்" என்பீர்கள். இருவரும் உள்ளே போய்விடுவீர்கள்.

ஒருநாள் மாவுக்கட்டு அறையில், கட்டுத் துணியை நனைத்துக்கொண்டிருந்த என்னிடம், "பயம்லாம் எப்பவோ போயிடுச்சுப்பா. பின்னாடி காலியா இருக்கறதுதான் இன்னும் பழகல" என்றீர்கள். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னீர்கள். சொல்லிவிட்டேன். அதற்குரிய திட்டை விழா முடிந்ததும் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

சொன்னது யாரிடம் என்றால், கணக்கு சாரிடம். போன வாரம் தாங்கள் வார்டில் இருந்த நேரம் பார்த்து அவர் என் அறைக்கு வந்தார். "தம்பி, என் தலைய அளந்து குடு" என்றார். பதறிப்போய், "என்ன சார், தலையில அடியா?" என்றேன். "இன்னும் இல்ல. படாம இருக்கத்தான் அளக்கச் சொல்றேன்."

நாடாவை அவர் நெற்றியில் சுற்றும்போது அவராகவே பேசினார். "கால் ஒடஞ்சது எனக்கு. வண்டிய விட்டது அவ. இந்தக் கணக்கு அன்னையிலேருந்து எனக்கு ஒதைக்குது. நான் பயந்துட்டேன்னு அவ நெனச்சுக்கிட்டா. மறுபடி ஏறுறேன்னு சொன்னா அவ பயந்துருவாளோன்னு நான் வாயத் தொறக்கல." பயமே இல்லையா சார் என்று கேட்டேன். "இருக்கு. அவ பின்னாடி உக்காந்து பயந்துக்கறேன்" என்றார். அப்போதுதான் தாங்கள் சொன்னதைச் சொன்னேன். கணக்கு சார் அழுதார், சிஸ்டர். நானும்தான்.

ஆகவே, ஓய்வறியாத் தாயே, தங்கள் மடியில் இருக்கும் பரிசுப் பெட்டியை இப்போது திறக்கலாம். உள்ளே இருக்கும் தலைக்கவசம் தங்கள் தலைக்கு நிற்காது, மூக்கு வரை இறங்கும். அளவு தவறிவிட்டதென்று யாரையும் அதட்ட வேண்டாம். அந்த அளவுக்கு உரிய தலை முன் வரிசையில் இருக்கிறது. அவர் எழுந்து நின்றுவிட்டார், பாருங்கள். பின்வாசலில் ஒரு வண்டி நிற்கிறது. இம்முறை வாடகைக்கு எடுத்திருப்பவர் அவர். தங்கள் வாக்குக்கும் பங்கமில்லை, வண்டி வீட்டு வாசலுக்கு வராது, இரவுக்குள் கடைக்கே திரும்பிவிட வேண்டும்.

நீடு வாழ்க! நோயின்றி வாழ்க! நெடுஞ்சாலையெல்லாம் தங்கள் நிழல் விழ, நிதானம் தவறாமல் ஓட்டி வாழ்க! தங்களை இந்த வார்டில் வருகையாளர் நேரத்தில் மட்டுமே நாங்கள் பார்க்கும்படி வாழ்க! இம்மடலைச் சட்டம் போட்டுத் தருகிறோம், வண்டி நிற்காத அந்த வாசலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். புறப்படுங்கள் அம்மா, வெளிச்சம் இருக்கிறது. இன்று மாலை "வண்டியக் குடுத்துட்டியா?" என்று கேட்க வாசலில் ஆள் இருக்காது.

இனி யார் அதட்டுவார் என்று ஏங்கி நிற்கும்,
எலும்பு முறிவு வார்டின் டாக்டர்கள், செவிலியர், மருந்தாளுநர், உடற்பயிற்சி அறை அம்மா, ஆம்புலன்ஸ் ஓட்டுநர், காவலர் அண்ணன்,
இவர்கள் எல்லோருக்காகவும் எழுதிய மாவுக்கட்டு அறைக்காரன்.