முள் இறங்கிய வீடு

எங்கள் பள்ளத்தாக்கில் வருடத்தில் பாதி நாள் மழைதான். துணி காய்வதெல்லாம் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல். என் தங்கை நெரிஸின் துணிகளையும் நானே காயப்போட்டு மடித்து வைப்பேன். சிறு வயதிலிருந்தே அவளுக்கு நெஞ்சு பலவீனம், ஈரம் ஆகாது.

நான் ஒல்வென், மூத்தவள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு அவசியம் வரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். போன கோடையில், தேவாலயப் பாட்டுக்குழுவில் நெரிஸுக்கு ஹைவெல் என்பவருடன் பழக்கமாயிற்று. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். லானெல்லி ஊரில் கடலைப் பார்த்தபடி அவருக்கு ஒரு சின்ன வீடு. இவளுக்கோ அறுபதை நெருங்குகிற வயது.

“அக்கா, நான் ஹைவெலோட போயிடப்போறேன், வீட்டை வித்துடலாம். உன் பங்குல நீ இங்கேயே சின்னதா ஒண்ணு பாத்துக்கோ” என்றாள், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே.

“உன் இஷ்டம்டி” என்றேன். எனக்குக் கோபமே வரவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், இன்ஸ்பெக்டர்.

பார்க்க வந்த ஒரு தம்பதிக்கு வீடு பிடித்துப்போயிற்று. அந்தச் சமயத்தில்தான், ரேடியேட்டர்களுக்குச் சுடுநீர் அனுப்பும் பாய்லரின் அழுத்தமானி முள் இறங்கத் தொடங்கியது. குழாய்களில் தண்ணீர் குறைந்தால் அந்த முள் இறங்கும். ரொம்ப இறங்கினால் பாய்லர் தானே அணைந்து வீடு சில்லிட்டுவிடும். தண்ணீர் விட்டு ஏற்றி வைப்போம், மறுநாள் பார்த்தால் மறுபடி இறங்கியிருக்கும். எங்கேயோ கசிகிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. அப்படிப்பட்ட வீட்டை யார் வாங்குவார்கள்? தம்பதி பின்வாங்கிவிட்டார்கள்.

எங்கள் தெருவுக்கே பாய்லர் பார்க்கிற எம்லின் வந்தான். கூடத்துத் தரைப்பலகைகளைப் பெயர்த்தான். சூட்டைக் காட்டும் கேமராவை வைத்துக்கொண்டு சுவர் சுவராக நகர்ந்தான். தரையில் காதை வைத்துப் படுத்துக்கூடப் பார்த்தான்.

“நான் இருக்கிற வரைக்கும் முள்ளு அசையவே மாட்டேங்குது, ஒல்வென் அக்கா. வண்டியக் கிளப்பினதும் இறங்குது. உங்க குழாய்க்கு என்னைக் கண்டா பயம்போல.”

“டீ ஆறிடும், குடி” என்றேன்.

ரேடியேட்டரின் ஓரத்தில், உள்ளே சேர்ந்த காற்றை வெளியேற்ற ஒரு சின்னத் திருகு உண்டு. என் படுக்கையறை ரேடியேட்டரின் திருகுச் சாவியை நான் பையிலேயே வைத்திருந்தேன். கொஞ்சம் திருப்பி, வருகிற தண்ணீரைக் கோப்பையில் பிடித்து, முகம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிடுவேன். கஷ்டமான வேலை இல்லை.

ஜனவரியில், தரை முழுவதையும் திறந்து பார்த்துவிடலாம் என்று எம்லின் பாய்லரை அணைத்தான். நெரிஸின் அறைக்கு மின்சார ஹீட்டர் ஒன்று வைத்தேன். அது புழுதியைக் கிளப்பி இருமலைக் கூட்டுவதாகத் தோன்றவே, எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஹைவெல் வந்து வாசலில் நின்றார்.

“நெரிஸை நான் கூட்டிட்டுப் போறேன். அங்க வெதுவெதுப்பா இருக்கும்.”

“தூங்குறா. அவளுக்கு மனசு மாறிடுச்சு, ஹைவெல். உங்ககிட்ட சொல்லத் தயங்குறா” என்றேன். பாவம், தொப்பியைக் கையில் பிடித்தபடியே திரும்பிப் போனார்.

தரையிலும் ஒன்றும் அகப்படாததால் எம்லின் குழாய்களில் ஏதோ சாயத்தை ஊற்றினான். எங்கே கசிந்தாலும் பச்சையாகக் காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் நான் சூப் கொண்டுபோனபோது நெரிஸ் என் கையையே பார்த்தாள்.

“அக்கா, உன் விரலெல்லாம் பச்சையா இருக்கு.”

நான் கரண்டியை நீட்டினேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள்.

“என் போனைக் குடு.”

“காய்ச்சல் விடட்டும்.”

“அப்ப டாக்டரையாவது கூப்பிடு. மூச்சு விட முடியலக்கா.”

“நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். குளிர்காற்று படக்கூடாது என்று அவள் அறைக் கதவைப் பூட்டினேன். ஒருமுறை, இரவு உடையின்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி கதவுவரை வந்துவிட்டாள். அந்த உடம்போடு மழையில் எங்கே போவாள்? திரும்பப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

தொட்டியின் பச்சைக் கறையைப் பார்த்துவிட்டு எம்லின் உங்களிடம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்பவன்.

டாக்டரைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாளே என்கிறீர்கள். ஆமாம், பிழைத்திருப்பாள். அது எனக்கு அப்போதே தெரியும். பிழைத்து எழுந்து லானெல்லிக்குப் போயிருப்பாள். அதனால்தான் கூப்பிடவில்லை.

என் மணிக்கட்டில் இந்த நகக்கீறல்கள் எப்படி வந்தன என்றும் கேட்டீர்கள். கடைசியில் அவள் என் கையை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். பிரிய மனமில்லாதவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள்.